ஏவத் தெரிந்தவரும் மீட்கத் தெரிந்தவரும்

மகாபாரதத்தின் சௌப்திக பருவத்தில், போரெல்லாம் முடிந்த பிறகு ஒரு காட்சி வருகிறது. பாசறையில் உறங்கிக்கொண்டிருந்த திரௌபதியின் பிள்ளைகளை இரவோடு இரவாகக் கொன்றுவிட்டு ஓடிய அசுவத்தாமன், கங்கைக் கரையில் வியாசரும் முனிவர்களும் இருக்கும் இடத்தில் வந்து ஒதுங்கியிருக்கிறான். உடம்பெல்லாம் நெய், தர்ப்பையால் ஆன உடை, மேலே படிந்த புழுதி. பார்ப்பவர்க்கு அவனும் ஒரு தவசி. பீமன் வில்லோடு வருவது தெரிகிறது. பின்னால் கண்ணனும் அர்ச்சுனனும் தருமனும் வருகிறார்கள். அசுவத்தாமன் ஒரு புல்லை இடக்கையால் எடுக்கிறான். தந்தை துரோணரிடம் கற்ற பிரம்மசிர அஸ்திரத்தை அந்தப் புல்லில் ஏற்றி, பாண்டவர் பூண்டோடு அழியட்டும் என்று விட்டுவிடுகிறான்.

அர்ச்சுனனுக்கும் அதே அஸ்திரம் தெரியும். கண்ணன் சொல்ல, அவனும் விடுகிறான். ஆனால் விடும் விதம் வேறு. முதலில், எதிரே நிற்கும் குருவின் மகன் நலமாக இருக்கட்டும் என்கிறான். அதன் பிறகே தனக்கும் உடன்பிறந்தாருக்கும் நலம் வேண்டுகிறான். தெய்வங்களையும் பெரியவர்களையும் வணங்கிவிட்டு, இந்த அஸ்திரத்தால் அந்த அஸ்திரம் அடங்கட்டும் என்று மட்டும் கேட்கிறான். இரண்டு நெருப்பும் எழுந்து உலகம் கருகப்போகும் நேரத்தில் நாரதரும் வியாசரும் நடுவே போய் நிற்கிறார்கள். அவர்களைக் கண்டதும் அர்ச்சுனன் கைகூப்பித் தன் அஸ்திரத்தை மீட்டுக்கொள்கிறான். அசுவத்தாமனால் மீட்க முடியவில்லை.

ஏன் முடியவில்லை என்பதற்கு வியாசர் சொல்லும் காரணம் படைக்கலப் பயிற்சி பற்றியதே அல்ல. புலனடக்கமும் நோன்பும் இல்லாதவன் அதை மீட்க முயன்றால் அது அவன் தலையையே கொய்துவிடுமாம். துரோணர் அந்த அஸ்திரத்தைத் தாமாக விரும்பி அர்ச்சுனனுக்குக் கொடுத்தார். மகன் பொறாமையால் கேட்டபோது அரைமனத்தோடு கொடுத்தார். எவ்வளவு பெரிய ஆபத்து வந்தாலும் மனிதர்மேல் இதை விடாதே என்று எச்சரித்தும் கொடுத்தார். மந்திரம் இருவருக்கும் ஒன்றுதான். அதை வாங்கிக்கொண்ட மனம்தான் வேறு.

மீட்க முடியாத அஸ்திரம் எங்கே போயிற்று? பாண்டவ மகளிரின் கருப்பைகளுக்குப் போயிற்று. உத்தரையின் வயிற்றிலிருந்த சிசு செத்துப் பிறந்தது. கண்ணன் உயிர் கொடுத்து எழுப்பிய அந்தக் குழந்தைதான் பரீட்சித்து. இப்படி இரண்டு அஸ்திரங்கள் மோதும் நாட்டில் பன்னிரண்டு ஆண்டு மழை பெய்யாது என்றும் வியாசர் சொல்கிறார்.

இதை வைத்து நம் முன்னோரிடம் அணுகுண்டு இருந்தது என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடு இல்லை. புராணத்தில் இயந்திரத்தைத் தேடினால் அது சொல்ல வந்த மனம் நம் கண்ணில் படாமலே போய்விடும். வியாசர் காட்டுவது மனிதனுக்குள் நடக்கும் ஒன்றை. கையில் பேராற்றல் வந்த பிறகு அதை வெளியே விடாமல் நிறுத்தவோ விட்டதை மீட்கவோ வல்லமை எங்கிருந்து வரும் என்பதே அவருடைய கேள்வி. இருபதாம் நூற்றாண்டின் இரண்டாம் பாதியை இந்தக் கேள்வியோடு படித்தால், வல்லரசுகளின் வரலாறு ஓர் ஆன்மிக நூல்போலவே விரிகிறது.

வரலாற்றின் வெளிக்கோடு எல்லாருக்கும் தெரிந்ததுதான். 1945 ஜூலை 16இல் நியூ மெக்சிகோ பாலைவனத்தில் முதல் சோதனை. ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமா, 9இல் நாகசாகி. 1949 ஆகஸ்ட் 29இல் சோவியத் ஒன்றியமும் தன் குண்டை வெடித்தது. பிறகு ஹைட்ரஜன் குண்டு வந்தது. 1961 அக்டோபர் 30இல் நோவயா செம்ல்யா தீவின்மேல் சோவியத் விமானம் போட்ட குண்டின் வலிமை சுமார் 50 மெகாடன், அதாவது ஹிரோஷிமா குண்டைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் மேல். 1980களின் நடுவில் உலகில் ஏறத்தாழ 70,000 அணு ஆயுதங்கள் இருந்தன. ஒருவன் சேர்த்தான் என்று மற்றவன் சேர்த்தான். அவன் சேர்த்ததைப் பார்த்து இவன் இன்னும் சேர்த்தான்.

இதற்கிடையே ஒரு மாற்றம் நடந்தது. அதை நாம் போதுமான அளவு எண்ணிப் பார்ப்பதில்லை. தொடக்கத்தில் குண்டைச் சுமந்து போனவை விமானங்கள். புறப்பட்ட விமானத்தைத் திரும்பி வா என்று அழைக்கலாம். அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் குறிப்பிட்ட எல்லைவரை பறந்துவிட்டு, மேலே செல்லத் தெளிவான ஆணை வராவிட்டால் தாமே திரும்பிவிட வேண்டும் என்ற ஒழுங்கே இருந்தது. கண்டம் விட்டுக் கண்டம் பாயும் ஏவுகணைகள் வந்த பிறகு அந்த வாய்ப்புப் போய்விட்டது. கிளம்பிய ஏவுகணையைத் திரும்ப அழைக்க வழியில்லை. அரை மணி நேரத்துக்குள் அது பூமியின் மறுபக்கம் சேர்ந்துவிடும். உலகின் மிகப் பெரிய இரண்டு அரசுகளும் அறிந்தே, கணக்கிட்டே, மீட்க முடியாத அஸ்திரத்தைத் தேர்ந்துகொண்டன. இனி மீட்பதற்கு ஒரே இடம்தான் மிச்சம்: ஆணை பிறப்பதற்கு முன்னால், மனிதனின் மனத்துக்குள்.

1962 அக்டோபர் 27ஆம் நாள் அது உண்மையிலேயே அங்கேதான் நடந்தது.

கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் நிறுவப்படுவதை அமெரிக்க உளவு விமானம் படம்பிடித்து இரு வாரம் ஆகியிருந்தது. தீவைச் சுற்றி அமெரிக்கக் கடற்படை வளைத்து நின்றது. அன்று காலை கியூபாவின் வானில் ஓர் அமெரிக்க உளவு விமானம் சுடப்பட்டு, அதை ஓட்டிய மேஜர் ருடால்ஃப் ஆண்டர்சன் இறந்தார். மாலையில் கடலுக்கடியில் இன்னொன்று நடந்தது. சோவியத் ஒன்றியம் அனுப்பிய நான்கு டீசல் நீர்மூழ்கிக் கப்பல்களில் ஒன்றான பி-59ஐ அமெரிக்கப் போர்க்கப்பல்கள் சூழ்ந்துகொண்டன. மேலே வரச் சொல்லும் சைகையாகச் சிறு வெடிகளைக் கடலுக்குள் போட்டன. இந்த வெடிகள் சைகைதான் என்று வாஷிங்டன் மாஸ்கோவுக்குத் தெரிவித்திருந்தது. அந்தச் செய்தி கப்பலுக்குள் இருந்தவர்களுக்குப் போய்ச் சேரவில்லை. கப்பலில் ஓர் அணு டார்பிடோ இருப்பது மேலே இருந்தவர்களுக்குத் தெரியாது.

உள்ளே வெப்பம் 45 டிகிரியைத் தாண்டியிருந்தது. வடகடலின் குளிருக்காகக் கட்டிய கப்பல் அது. மின்கலங்கள் ஓய்ந்துகொண்டிருந்தன. காற்றில் கரியமில வாயு கூடிக்கொண்டே போயிற்று. மாலுமிகள் மயங்கி விழுந்தார்கள். குடிநீரை அளந்துதான் கொடுத்தார்கள். மாஸ்கோவோடு தொடர்பு இல்லை. வெடிச்சத்தம் இரும்புச் சுவரில் சம்மட்டியாக இறங்கிக்கொண்டிருந்தது. மேலே போர் தொடங்கிவிட்டதா இல்லையா என்று அறிய வழியே இல்லை. தலைவர் வாலண்டின் சவிட்ஸ்கி பொறுமை இழந்தார். அணு டார்பிடோவைத் தயார் செய்யச் சொன்னார். உடனிருந்தவர்கள் பின்னாளில் சொன்ன விவரங்களில் சில வேறுபாடுகள் உண்டு. ஒன்றில் மட்டும் எல்லாச் சொற்களும் கூடுகின்றன: அங்கே வாசிலி அர்கிப்போவ் என்றொருவர் இருந்தார், அவர் நிதானம் இழக்கவில்லை.

அர்கிப்போவுக்கு அப்போது 36 வயது. அந்தக் கப்பல் அணியின் தலைமை அலுவலர் என்ற முறையில் பி-59இல் பயணம் செய்தார். அதற்கு முந்தைய ஆண்டு, 1961 ஜூலையில், கே-19 என்ற அணுசக்தி நீர்மூழ்கியில் உலைக் குளிரூட்டும் குழாய் பழுதானபோதும் அவர் அதில் இருந்தார். பழுதைச் சரிசெய்ய உள்ளே போன எட்டு இளைஞர்கள் சில வாரங்களுக்குள் இறந்துபோனார்கள். கதிர்வீச்சு மனித உடலை என்ன செய்யும் என்பதைக் கண்ணால் பார்த்தவர் அவர். அந்த மனிதர் சவிட்ஸ்கியோடு பேசினார். இது தாக்குதல் அல்ல, மேலே வரச் சொல்கிறார்கள் என்று எடுத்துச் சொன்னார். சவிட்ஸ்கி தணிந்தார். கப்பல் நீர்மட்டத்துக்கு எழுந்தது. சுற்றி அமெரிக்கக் கப்பல்கள், தலைக்கு மேல் விமானங்கள். ஆனால் போர் மூளவில்லை. பி-59 வடக்கு நோக்கித் திரும்பியது.

இந்த நிகழ்ச்சியை எத்தனை முறை படித்தாலும் என் மனம் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது. அர்கிப்போவ் அன்று எதையும் செய்யவில்லை. எதிரியை வெல்லவில்லை, புதிய வழி எதையும் கண்டுபிடிக்கவில்லை. கோபமும் பயமும் வெக்கையும் நிறைந்த ஓர் இரும்புக் கூட்டுக்குள் அவர் அமைதியாக இருந்தார். அந்த அமைதி பக்கத்தில் இருந்தவருக்கும் பரவியது. அவ்வளவுதான் நடந்தது. அந்த அவ்வளவால்தான் இன்று நாம் இருக்கிறோம் என்று சொன்னால் அது மிகையாக இருக்காது. நாடு திரும்பிய அந்தக் கப்பல்களின் அதிகாரிகளை மேலிடம் கடிந்துகொண்டது. அர்கிப்போவ் 1998இல் காலமானார். அந்த டார்பிடோவின் கதை உலகத்துக்குப் பரவலாகத் தெரிய வந்தது 2002இல்தான்.

திருமூலர் தம் மூன்றாம் தந்திரத்தில் மூச்சைப் பற்றி விரிவாகச் சொல்கிறார். இழுப்பதும் விடுவதும் உயிருள்ள எல்லாவற்றுக்கும் தானாக நடப்பவை. நடுவே நிறுத்துவதைத்தான் பழக வேண்டியிருக்கிறது. அதைப் பழகுகிறவர்கள் முக்திக்காகப் பழகுகிறோம் என்று நினைக்கலாம். ஆயுள் நீளும் என்று நினைக்கலாம். அக்டோபர் 27ஐ எண்ணும்போது எனக்கு வேறொன்று தோன்றுகிறது. தூண்டுதலுக்கும் செயலுக்கும் நடுவே ஒரு நொடி நிற்கக் கற்பது, அதைக் கற்றவனுக்கு மட்டும் உதவும் தனிச்சொத்து அல்ல. அந்த நொடி கைவசம் இருக்கும் ஒருவர் எங்கே, எப்போது தேவைப்படுவார் என்று யாராலும் முன்கூட்டிச் சொல்ல முடியாது. அர்கிப்போவ் யோகம் பயின்றவர் என்று நான் சொல்லவில்லை. கடலும் விபத்தும் அவரைப் பயிற்றியிருக்கலாம். மனத்தைப் பக்குவப்படுத்தும் வழிகள் பல.

ஆனால் இதை ஆறுதல் தரும் கதையாக எடுத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. நான்கு நீர்மூழ்கிகள் போயின, நான்கிலும் அணு டார்பிடோ இருந்தது, அர்கிப்போவ் ஒருவர்தான். அவர் வேறொரு கப்பலில் ஏறியிருந்தால்? உலகத்தின் உயிர் ஒரு மனிதரின் பயணச் சீட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. தெய்வ அருள் காத்தது என்று நான் நம்புகிறேன். அருளை நம்புவது ஒன்று, அருளைச் சோதிப்பது வேறொன்று. மீண்டும் மீண்டும் விளிம்புக்குப் போய் நின்றுகொண்டு கடவுள் பிடித்துக்கொள்வார் என்று சொல்வது பக்தி ஆகாது.

வள்ளுவர் அதிகாரங்களை வைத்திருக்கும் இடத்தில் ஒரு செய்தி இருக்கிறது. பொறையுடைமையை இல்லறவியலில் வைத்தார். வீட்டில் வாழ்கிறவனுக்கு அது போதும் என்று கருதினார் போலும். வெகுளாமையைத் துறவறவியலில் வைத்தார். அரசனுக்கு உரியவற்றைப் பொருட்பாலில் தனியே பேசினார். கோபமே எழாத நிலை துறவிக்கு உரியது, ஆள்பவனிடம் அதை எதிர்பார்ப்பது அரிது என்பது அன்றைய உலகின் நியாயம். அரசனின் சினம் ஒரு நாட்டை, மிஞ்சினால் இரண்டு நாட்டை எரிக்கும். ஆனால் அந்த வெகுளாமை அதிகாரமே, நம் கோபம் பலிக்கும் இடத்தில் அதை அடக்குவதைத்தான் அடக்கமாகக் கொள்கிறது. பலிக்காத இடத்தில் அடக்கினால் என்ன, அடக்காவிட்டால் என்ன என்று கேட்கிறது. 1945க்குப் பிறகு, கோபம் முழுமையாகப் பலிக்கக்கூடிய இடம் என்று சொன்னால் அது அணு ஆயுதம் வைத்திருக்கும் அரசுகளின் தலைமை நாற்காலிதான். ஆகவே இந்தக் காலத்தில் துறவியின் அறம் ஆள்பவனுக்கும் கட்டாயம் ஆகிவிட்டது. இதை நான் உவமைக்காகச் சொல்லவில்லை. ஆணையிடும் மனிதன் சில நிமிடங்களுக்குள் முடிவு செய்ய வேண்டிய ஏற்பாட்டை உண்டாக்கிவிட்டு, அந்தச் சில நிமிடத்துக்கு வேண்டிய அடக்கத்தை எந்த நாடும் தேர்தலிலோ கட்சியிலோ சோதித்துப் பார்ப்பதில்லை.

அந்த அக்டோபரில் இரு தலைவர்களும் கடைசியில் மீட்டுக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். சோவியத் தலைவர் குருஷ்சேவ் 26ஆம் தேதி அமெரிக்க அதிபர் கென்னடிக்கு எழுதிய நீண்ட கடிதத்தில், தாம் இரண்டு போர்களில் பங்கெடுத்தவர் என்றும், ஊர்களையும் நகரங்களையும் உருட்டிக்கொண்டு போன பிறகே போர் ஓயும் என்றும் எழுதினார். இருவருமாக ஒரு கயிற்றின் இரு முனைகளையும் இழுத்தால் நடுவில் விழுந்த முடிச்சு அவிழ்க்க முடியாதபடி இறுகிவிடும் என்றார். இரண்டாம் உலகப் போரில் சோவியத் ஒன்றியம் சுமார் 2.7 கோடி உயிர்களை இழந்திருந்தது. குருஷ்சேவின் மகன் ஒருவரும் அந்தப் போரில்தான் போனார். கென்னடியின் அண்ணனும் அதே போரில் இறந்தவர். 28ஆம் தேதி மாஸ்கோ வானொலி ஏவுகணைகளைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. அமெரிக்கா துருக்கியிலிருந்த தன் ஏவுகணைகளை அடுத்த ஆண்டு ஏப்ரலுக்குள் ஓசையில்லாமல் அகற்றியது. அந்த உடன்பாடு நெடுங்காலம் இரகசியமாகவே இருந்தது. விட்டுக்கொடுத்ததை வெளியே சொல்ல வெட்கப்படும் உலகம் அது. இன்றும் அப்படித்தான். பின்வாங்கியவரைக் கோழை என்று அழைக்கும் வழக்கம் இருக்கும்வரை, துணிந்து பின்வாங்க ஆட்கள் குறைந்துகொண்டே வருவார்கள்.

25ஆம் தேதி போப்பாண்டவர் இருபத்துமூன்றாம் ஜான் வத்திகான் வானொலியில் பேசினார். நோயுற்ற முதியவர் அவர். எந்தப் பக்கத்தையும் குற்றம் சொல்லாமல், அமைதிக்காக மக்கள் எழுப்பும் கூக்குரலைக் கேளுங்கள் என்று ஆள்வோரிடம் மன்றாடினார். கடவுள் மறுப்பை அரசுக் கொள்கையாகக் கொண்ட நாட்டின் பிராவ்தா நாளிதழ் மறுநாள் அதை முதல் பக்கத்தில் வெளியிட்டது. இரண்டு நெருப்புக்கு நடுவே போய் நிற்கிறவருக்கு எந்தக் கொடியும் கையில் இருக்கக் கூடாது. அப்போதுதான் இருபக்கமும் அவர் முகத்தைப் பார்க்கும்.

நெருக்கடிக்குச் சில வாரங்களுக்கு முன்னால், 1962 செப்டம்பர் இறுதியில், வெள்ளை மாளிகையில் கென்னடியைப் பார்க்கப் போனவர்களில் ஒரு தமிழர் உண்டு. ராஜாஜிக்கு அப்போது வயது 83. அதற்கு முன் மேற்கு நாடுகளுக்குப் போகாதவர். காந்தி சமாதான அறக்கட்டளையின் தூதுக்குழுவுக்குத் தலைமை தாங்கி, அணு சோதனைகளை நிறுத்துங்கள் என்று கேட்கப் போனார். உள்நாட்டில் நேருவை எதிர்த்துச் சுதந்திராக் கட்சி கண்டவர் அவர். ஆயினும் இந்த ஒன்றில் இருவரும் ஒரே பக்கம். பிகினியில் 1954 மார்ச் 1இல் வெடித்த ஹைட்ரஜன் குண்டின் சாம்பல், தொலைவில் மீன்பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகிலிருந்த 23 பேர்மேல் விழுந்தது. அவர்களில் ஒருவர் அந்த ஆண்டே இறந்தார். அதே ஆண்டு ஏப்ரலில் சோதனைகளை நிறுத்தி வைக்க உலகத்தைக் கேட்டவர் நேரு. ராஜாஜி ஒரு படி மேலே போனார்: மற்றவன் விடட்டும் பிறகு நான் விடுகிறேன் என்று காத்திராமல், வலியவனே முதலில் விட வேண்டும் என்றார். இது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அன்றே பலர் சொன்னார்கள். அர்ச்சுனன் மீட்டபோது அசுவத்தாமன் மீட்டிருக்கவில்லை என்பது 'வியாசர் விருந்து' எழுதியவருக்குத் தெரியாததா?

1963 ஆகஸ்ட் 5இல் மாஸ்கோவில் வளிமண்டலம், விண்வெளி, கடலடி ஆகிய மூன்றிலும் சோதனையைத் தடுக்கும் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. அதற்கு ராஜாஜிதான் காரணம் என்று சொல்ல மாட்டேன். காரணங்கள் பல. தாய்ப்பாலில் கதிரியக்கம் கலந்துவிடுமோ என்று அஞ்சிய தாய்மாரின் குரலும் அவற்றுள் ஒன்று. ஆனால் அன்றைய சேலம் மாவட்டத்தில் ஒரு சிற்றூரில் பிறந்த முதியவர், தள்ளாத வயதில் கடல் தாண்டிப் போய் ஒரு வல்லரசின் தலைவரிடம் முதலில் நீ நிறுத்து என்று கேட்டதில் ஒரு தவசியின் துணிவு இருந்தது.

1966 அக்டோபர் 23இல் ஐக்கிய நாடுகள் சபையில் எம்.எஸ். சுப்புலட்சுமி பாடியபோது, ராஜாஜி ஆங்கிலத்தில் இயற்றிய ஒரு பாடலையும் காஞ்சிப் பெரியவர் வடமொழியில் அருளிய 'மைத்ரீம் பஜத' என்ற பாடலையும் பாடினார். ராஜாஜியின் பாடல் இறைவனிடம் மன்னிப்புக் கேட்டுத் தொடங்குகிறது. இன்ன நாட்டை மன்னி என்று கேட்கவில்லை. நம் எல்லார் பாவத்தையும் சேர்த்துக் கேட்கிறது. பெரியவரின் பாடல் நட்பைப் பேணச் சொல்லிவிட்டு, போரை விடுங்கள் என்பதோடு நிறுத்தாமல் போட்டியையும் விடச் சொல்கிறது. போர் கூடாது என்று எல்லா நாடும் எல்லா மேடையிலும் சொல்கிறது. போட்டியை விடுகிறோம் என்று ஒரு நாடும் சொல்வதில்லை. 70,000 குண்டுகள் போரில் பிறந்தவை அல்ல. அவற்றைப் பெற்றது போட்டி.

போட்டிக்கு அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பயம் இருக்கிறது. அஸ்திரத்தை மீட்க முடியாமல் வியாசர்முன் நின்ற அசுவத்தாமன் சொல்லும் சமாதானத்தைப் பாருங்கள்: பீமனுக்கு அஞ்சி, உயிருக்குப் பயந்து விட்டேன் என்கிறான். உலகை எரிக்க வந்தவன் உள்ளுக்குள் நடுங்கிக்கொண்டிருந்தான். துருக்கியிலிருந்த ஏவுகணைகளைக் கண்டு சோவியத்துக்குப் பயம். கியூபாவில் வந்தவற்றைக் கண்டு அமெரிக்காவுக்குப் பயம். 1983இல் அந்தப் பயம் மறுபடி உச்சிக்கு ஏறியது. செப்டம்பர் 1இல் வழிதவறி வந்த தென்கொரியப் பயணி விமானத்தைச் சோவியத் போர் விமானம் சுட, 269 பேர் இறந்தார்கள். அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவு தாண்டி, மாஸ்கோவுக்குத் தெற்கே இருந்த கண்காணிப்பு நிலையத்தில் அமெரிக்க ஏவுகணைகள் வருவதாக எச்சரிக்கை ஒலித்தது. முதலில் ஒன்று, பிறகு மொத்தம் ஐந்து. பணியிலிருந்த ஸ்தனிஸ்லாவ் பெத்ரோவ் அதைப் பொய் எச்சரிக்கை என்றே மேலிடத்துக்குச் சொன்னார். போர் தொடுப்பவன் ஐந்து ஏவுகணையோடு தொடங்க மாட்டான் என்பது அவர் கணக்கு. பாதிக்குப் பாதிதான் உறுதி இருந்தது என்று பின்னாளில் அவரே சொன்னார். மேகங்களின் மேல்பட்ட சூரிய ஒளியைச் செயற்கைக்கோள் ஏவுகணைத் தீ என்று எடுத்துக்கொண்டிருந்தது.

கீதையின் 16ஆம் அத்தியாயம் தெய்வக் குணங்களை அடுக்கும்போது முதலில் வைப்பது அஞ்சாமையை. சிறுவயதில் இதைப் படித்தபோது அன்போ உண்மையோ அல்லவா முதலில் வந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. இப்போது அந்த வரிசை நியாயமாகப் படுகிறது. பயந்தவனால் அன்பு செலுத்த முடியாது. பயந்தவனின் கண்ணுக்கு உண்மை தெரியாது. அவன் திரையில் மேகம்கூட நெருப்பாகத் தெரியும். பல்லவ மன்னன் சுண்ணாம்புக் காளவாயில் அடைத்தபோதும் யானையை ஏவியபோதும் அப்பர் கையில் ஆயுதம் இல்லை. அஞ்சாதவருக்கு ஆயுதம் தேவைப்படவில்லை. அச்சத்தைப் போக்க ஆயுதம் சேர்த்த இரண்டு வல்லரசுகளும், சேர்த்த அளவுக்கே அஞ்சின.

அமெரிக்கா குண்டு செய்த நாளிலேயே மீட்டுக்கொண்ட ஒருவரும் உண்டு. போலந்தில் பிறந்த இயற்பியலாளர் ஜோசஃப் ராட்பிளாட், ஹிட்லர் முந்திவிடுவானோ என்ற அச்சத்தில் லாஸ் அலமாஸ் ஆய்வகத்தில் சேர்ந்தார். ஜெர்மனி அந்த முயற்சியைக் கைவிட்டுவிட்டது என்று 1944இன் இறுதியில் தெரிந்ததும், இனி எனக்கு இங்கே வேலையில்லை என்று கிளம்பிவிட்டார். போலந்தில் சிக்கிக்கொண்ட அவர் மனைவி நாஜிகளின் கையில் மாண்டார். பழிவாங்க அவருக்கு எல்லாக் காரணமும் இருந்தது. அவரோ தம் அறிவைக் கதிர்வீச்சு மருத்துவத்துக்குத் திருப்பினார். 1957இல் கனடாவின் பக்வாஷ் என்ற ஊரில் இரு முகாம்களின் விஞ்ஞானிகளையும் ஒன்றாக உட்காரவைத்த மாநாட்டுக்குத் தோள் கொடுத்தார். 1995இல் அமைதிக்கான நோபல் பரிசு அவருக்கும் பக்வாஷ் இயக்கத்துக்கும் பகிர்ந்து தரப்பட்டது. ஒரு பெரிய வேலையின் நடுவில், எல்லாரும் உற்சாகமாக இருக்கும்போது, எழுந்து வெளியே வருவது எவ்வளவு கடினம் என்று ஏதாவதொரு சிறு அளவில் நமக்கும் தெரியும். அவரைப்போல் இன்னும் பத்துப் பேர் அன்று எழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் பலமுறை நினைத்துப் பார்ப்பதுண்டு.

இன்றைய நிலை சொல்லிக்கொள்ளும்படி இல்லை. 1987இல் ரீகனும் கோர்பச்சேவும் கையெழுத்திட்டு ஒரு முழு வகை ஏவுகணைகளையே ஒழித்த ஒப்பந்தம் 2019இல் முடிந்துபோனது. கடைசியாக எஞ்சிய புதிய ஸ்டார்ட் ஒப்பந்தத்தில் தன் பங்கை ரஷ்யா 2023இல் நிறுத்தி வைத்தது. அதன் காலக்கெடுவும் 2026 பிப்ரவரி 5இல் முடிந்துபோனது. எண்ணிக்கை குறைந்திருப்பது உண்மை. இப்போது உலகில் ஒன்பது நாடுகளிடம் சுமார் 12,000 அணு ஆயுதங்கள் உள்ளன. அந்த ஒன்பதில் நம் நாடும் ஒன்று, நம் அண்டை நாடுகள் இரண்டும் உண்டு. ஆகவே இது எங்கோ இரண்டு வல்லரசுகளின் கதை என்று நாம் தள்ளிவைக்க இயலாது.

2024இல் அமைதிக்கான நோபல் பரிசு, ஹிரோஷிமா நாகசாகியில் உயிர் பிழைத்தவர்களின் அமைப்பான நிஹான் ஹிதான்க்யோவுக்குக் கிடைத்தது. தங்களை எரித்தவர்களைப் பழிவாங்கச் சொல்லி அவர்கள் கேட்டதில்லை. இனி வேறு யாருக்கும் இது வேண்டாம் என்பதையே, தளர்ந்த உடம்போடு, 1956 முதல் கேட்டு வருகிறார்கள். அவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குறைந்துகொண்டே வருகிறார்கள்.

ஆகஸ்ட் 6ஆம் நாள் காலை 8.15க்கு ஹிரோஷிமாவில் மணி ஒலிக்க, அந்த ஊர் ஒரு நிமிடம் அசையாமல் நிற்கிறது. ஜப்பானில் 8.15 என்றால் நம் கடிகாரத்தில் அதிகாலை 4.45. கோயில்களில் திருப்பள்ளியெழுச்சி ஒலிக்கும் வேளை. பள்ளிவாசலில் பாங்குச் சத்தம் எழும் வேளை. நம்மில் பலர் ஏற்கெனவே எழுந்து விளக்கேற்றியிருக்கும் வேளை. வரும் ஆகஸ்டில் அந்த ஒரு நிமிடத்தை அவர்களோடு சேர்ந்து உட்காருங்கள். உங்கள் வீட்டாருக்காக வேண்டுவதற்கு முன், நீங்கள் பகை என்று எண்ணும் நாட்டின் மக்கள் நலமாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். பிள்ளைகள் விழித்த பிறகு, வாசிலி அர்கிப்போவ் என்றொருவர் இருந்தார் என்பதை அவர்களுக்குச் சொல்லுங்கள்.